போட்டோ ஒட்டும் இடம்

"ராமுத்தாய் யாரும்மா?"

வண்டியிலிருந்து இறங்காமலே ஏட்டு செங்கோட்டையன் கேட்டார்.

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். ராமுத்தாய் என்று ஒருத்தி இருப்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

எட்டாவது அறை ராதாவுக்குத் தெரியும். கையிலிருந்த வாளி நழுவி, வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போனது.

மூன்று வருடம் கழித்து ஒருவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அதுவும் போலீஸ்காரர்.

அவள் முதலில் பார்த்தது ஏட்டை அல்ல, அவருக்குப் பின்னால் தெருவை. அண்ணன்கள் வந்திருக்கிறார்களா என்று. பனியன் வேஸ்ட் மூட்டை ஏற்றிய சைக்கிள் ஒன்று போனது. வேறு யாரும் இல்லை.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில், தாய்மாமனுக்கு அவளைக் கட்டிவைக்க நாள் குறித்த வாரத்தில் பஸ் ஏறியவள் அவள். எங்கே கண்டாலும் வெட்டிப்போடுவேன் என்று பெரிய அண்ணன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ததாக, திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள். அன்றைக்கே வேலையையும் அறையையும் மாற்றி ராதா ஆனாள். சொந்த ஊர் திருச்சி என்றாள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின். அறையில் ஒரு ஸ்டவ், ஒரு அம்மி, ஒரு பாய். வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தனியாக இருந்து பழகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பொய். பழகவே இல்லை.

அப்புறம்தான் மும்பையில் அந்தத் தாக்குதல் நடந்தது.

மறுமாதமே ஸ்டேஷனிலிருந்து லைன் வீட்டுக்காரர்களிடம் படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள். குடியிருப்பவர்கள் எல்லோரும் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர் எழுதி, போட்டோ ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்தந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பி விசாரிப்பார்களாம்.

"உள்ளதை எழுது கண்ணு. தப்புப் பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?" என்றார் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி.

நல்ல மனிதர்தான். தப்புப் பண்ணாதவர்களும் ஒளிந்திருக்க வேண்டி வரும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மும்பையில் எவனோ சுட்டுவிட்டுப் போனதற்கு, திருப்பூர்ப் பக்கம் மங்கலத்தில் இவள் தன் தலையை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஓடிவிடலாம். ஆனால் எந்த லைன் வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் அதே படிவம். பொய் எழுதினால் வீட்டுக்காரரையும் சேர்த்து ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள் என்று பேச்சு. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் உள்ளதை எழுதினாள்.

நாலைந்து சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி போட்டோவை ஒட்டினாள். கோணலாகப் போய்விட்டது.

அம்மா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். ஒரு லேபிள் கோணினாலும் பெட்டியைக் கழித்துவிடுவார்கள். அதனால் விரலைத் தண்ணீரில் தொட்டு நாலு ஓரத்தையும் நனைப்பாள். நூறு எண்ணும்வரை சும்மா இருப்பாள். பிறகு ஒரு மூலையிலிருந்து உரிப்பாள். லேபிளும் கிழியாது, பெட்டியும் கிழியாது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் நூறு எண்ணும் பொறுமை கிடையாது.

அம்மாவைப் போலவே நனைத்து, எண்ணி, உரித்து, நேராக ஒட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒன்றரை மாதம், கதவுக்கு உள்ளே அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்துத்தான் படுத்தாள்.

அந்தப் படிவம் இப்போது ஏட்டின் கையில் இருந்தது.

"நான்தான் சார்."

"ஏம்மா, நீ செத்து மூணு வருசம் ஆச்சுன்னு உங்கப்பன் எழுதிக் குடுத்திருக்கறாரு. பதினாறாம் நாள் காரியம்கூடப் பண்ணீட்டாங்களாமா. அப்ப இங்க நிக்கறது யாரு?"

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு வந்து நின்ற தண்டாயுதபாணி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பயம்தான் விட்டுப்போனது. இனி யாரும் தேடி வரப்போவதில்லை. அடுத்த நொடி வந்த நினைப்பைத்தான் தாங்கமுடியவில்லை. யாரும் தேடவே இல்லை. மூன்று வருடம் அவள் ஒளிந்திருந்தது, தன்னைத் தலைமுழுகிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர்களுக்குப் பயந்து.

"நாளைக்கு ரேசன் கார்டோ பள்ளிக்கூட சர்டிபிகேட்டோ எடுத்துக்கிட்டு ஸ்டேசனுக்கு வா. போட்டோ ஒண்ணும் கொண்டா. இதுல இருந்ததைக் காணோம்."

படிவத்தை வாங்கிப் பார்த்தாள். கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து. அப்படியானால் இந்தக் காகிதம் அந்த வீட்டுக்குள் போய்விட்டுத்தான் வந்திருக்கிறது.

மேல் மூலையில் கட்டம் காலியாக இருந்தது. பிடித்து இழுத்திருந்தால் காகிதமும் சேர்ந்து பிய்ந்திருக்கும். பிய்யவில்லை. நாலு ஓரத்திலும் விரலால் நனைத்துக் காய்ந்த தடம் மட்டும் இருந்தது.

அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"புதுசா ஒட்டிக் குடுத்தா, மறுபடி ஊருக்கு அனுப்புவீகளா சார்?"

"பின்னே? அனுப்பித்தான ஆகோணும்."

ராமுத்தாய் தலையை ஆட்டினாள். இந்தத் தடவை ஒரே ஒரு பருக்கை வைத்து ஒட்ட வேண்டும். உரிக்கிறவளுக்குச் சிரமம் இருக்கக்கூடாது.