திருஷ்டி பொம்மையின் சந்தேகம்

வாசலில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கிய திருஷ்டி பொம்மைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கேமராவை மாட்டினார்கள்.

"ஊர்க் கண் படாமலிருக்க என்னைக் கட்டினாங்க. உன்னை எதுக்கு?" என்று கேட்டது பொம்மை.

"ஊரைப் பார்க்க," என்றது கேமரா.

"பார்த்து?"

"வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிடுவேன்."

"அவர் மட்டும்தான் பார்ப்பாரா?"

"வழியில யார் யார் பார்க்கிறாங்களோ! எனக்கு யாரும் சொன்னதில்லை."

பொம்மை யோசனையில் ஆழ்ந்தது.

மறுநாள் காலை, கோலம் போட வந்த வீட்டுக்காரி மங்கையர்க்கரசி கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நம்ம வாசல்ல நிம்மதியாக் குனிய முடியுதா?" என்று முணுமுணுத்தவள், ஸ்டூல் போட்டு ஏறினாள். தெருவைப் பார்த்துத் தொங்கிய பொம்மையை அவிழ்த்து, கேமராவுக்கு நேரெதிரே கட்டினாள்.

பொம்மை கேமராவை முறைத்தது.

கேமரா அதையும் அனுப்பிவைத்தது.