வாசலில் விட்ட செருப்பு

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன். எதிர் வீட்டுக்காரிதான்! குனிஞ்சா, உன் செருப்பையும் என் ஷூவையும் அள்ளினா, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா!"

மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. வங்கியில் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான்.

குளித்துவிட்டு, சாமி கும்பிட்டு, அப்போதுதான் கூடத்துக்கு வந்த அவர் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க எங்கேருந்து பார்த்தீங்க?"

"கதவுல லென்ஸ் இருக்கே, அது வழியா."

"அப்ப ஒரு கண்ணாலதான் பார்த்திருப்பீங்க."

"கிண்டலா? போனது உன் செருப்பும்தான்!"

அதைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போனது. குதிகால் வலிக்காக அளவெடுத்துச் செய்த செருப்பு அது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வேறு யார் போட்டாலும் நொண்டத்தான் வேண்டும். அது இல்லாமல் அவளால் தெருமுனை வரைகூட நடக்க முடியாது. விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்ததோ ஆசை தீர நடப்பதற்காக.

"ஓட்டல்ல தங்கினா ஊரைப் பார்க்கலாம். வீடு எடுத்துத் தங்கினாத்தான் ஊர்ல வாழலாம்" என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லி, அடுக்குமாடியில் இந்த வீட்டைப் பிடித்தவர் மேனேஜர்தான். பை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவது, வீதியில் காலாற நடப்பது, அக்கம்பக்கத்தில் பேசிப் பழகுவது, ஊருக்குத் திரும்பும்வரை இந்த ஊர்க்காரர்களாகவே இருப்பது என்று திட்டம்.

"நேத்து வந்து இறங்கினோம், இன்னிக்கு செருப்பைக் காணோம். நல்லாத்தான் பழகறாங்க" என்றாள் அவள்.

"இதைச் சும்மா விடக் கூடாது. வீட்டு ஓனருக்கு போன் போடறேன். போலீஸைக் கூட்டிட்டு வரட்டும். நான் எத்தனை பேரைப் பார்த்தவன்! ஒரு ஆளைப் பார்த்தாலே எடை போட்டுடுவேன்."

"பெரியவனுக்குக் கார் வாங்கிக் கொடுத்தாரே ஒரு புரோக்கர், அவரை எடை போட்டீங்களே, அந்த மாதிரியா?"

"பழசைக் கிளறாதே!"

"சரி, அந்தம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?"

"உன் வயசுதான்."

"அப்ப திருடியிருக்க மாட்டாங்க."

"அதெப்படி?"

"இந்த வயசுல குனிஞ்சு நிமிர்றதே பெரும்பாடு. போயும் போயும் உங்க ஷூவுக்காகவா குனிவாங்க?"

மேனேஜர் போனை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. போலீஸு வந்து நின்னா அப்புறம் அவங்க இந்தக் கட்டடத்துல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாங்க? முதல்ல ஒரு வார்த்தை கேட்போம். நமக்கும் பொண்ணு பிள்ளைங்க இருக்கு."

"கேட்டா, 'ஆமா, திருடினேன்'னு சொல்லுவாளா?"

"சொல்லாட்டி அப்புறம் கூப்பிடுங்க."

வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து அவள் முன்னே போனாள். குளியலறைச் செருப்பை மாட்டிக்கொண்டு மேனேஜர் பின்னால் வந்தார். கையில் போன். தமிழில் பேசினால் அந்த ஊர்ப் பாஷையில் சொல்லும், அவர்கள் பேசினால் தமிழில் சொல்லும். சின்னவன் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

மணியை அழுத்தின கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியும், கையில் ஊசி நூலுமாக ஒரு அம்மாள். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வெறுங்காலைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பதற்றமாக மாறியது. ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

திரும்பி வரும்போது கையில் செருப்பும் ஷூவும். இரண்டையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். விமானத்தில் வரும்போதே பிய்ந்து தொங்கிய செருப்பு வாரை, கறுப்பு நூலால் அழுத்தமாகத் தைத்திருந்தாள்.

அவள் படபடவென்று பேசி முடிக்க, போன் செய்தி வாசிப்பது போலச் சொன்னது:

"எங்கள் கட்டடத்தில் கதவுக்கு வெளியே ஒரு பொருளை வைத்தால், அது வேண்டாத பொருள் என்று அர்த்தம். காலையில் குப்பை எடுப்பவர் கொண்டுபோய்விடுவார். இன்று அவருடைய வண்டி கீழே வந்துவிட்டது. வலிக்கிற காலுக்காகச் செய்த செருப்பை யாரும் வேண்டாம் என்று வைக்க மாட்டார்கள். அதனால் எடுத்து வைத்தேன்."

மேனேஜரின் மனைவி செருப்பைக்கூட வாங்கவில்லை. ஊசி பிடித்த அந்தக் கையைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவன் உங்களை நல்லா வெச்சிருக்கணும்மா!"

மேனேஜர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. ஆனாலும் விடுவாரா?

"அதெல்லாம் சரிதான். எடுக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று போனிடம் கறாராகக் கேட்டார்.

போன் அதை மாற்றிச் சொன்னது. அந்த அம்மாள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, தணிந்த குரலில் ஏதோ சொன்னாள்.

அவர் கையில் இருந்த போனுக்குக் கூச்சமெல்லாம் தெரியாது. கணீரென்று தமிழில் சொன்னது:

"சொல்லத்தான் வந்தேன். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. நான் தட்டத் தட்ட, நீங்கள் விளக்கை அணைத்துவிட்டீர்கள்."