மழை வாங்காத மண்

பேஸ்மட்டத்தில் ஓடிய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினார் கொத்தனார்.

"இது உடைஞ்சா வீடு இன்னும் இறங்குதுன்னு அர்த்தம் சார். உடையலன்னா தைரியமா பூசிரலாம்."

பக்கத்தில் நின்ற மனைவி வடிவு குனிந்து விரிசலைப் பார்த்ததே தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. பள்ளமான மனையில் மண் கொட்டியபோதே அவள் சொன்னாள், "ஒரு மழை வாங்கட்டுங்க, மண்ணு இறுகுனப்புறம் கடைக்கால் போடலாம்." படுக்கையில் கிடந்த அம்மா வீட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று அவர்தான் பறந்தார். பால் காய்ச்சுவதற்குள் அம்மா போய்விட்டாள்.

காலையில் எழுந்ததும் குனிந்து பார்ப்பார். மழைக்காலம் முழுக்கக் கண்ணாடி முழுசாகவே இருந்தது.

"பாத்தியா, நின்னுருச்சு."

"ம்" என்றாள் வடிவு.

பூச்சு மணல் கொட்ட இடம் பார்த்துப் பின்பக்கச் செம்பருத்தியை ஒதுக்கினார். தூரடியில் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் சிமெண்ட். செடியை மெல்லப் பழையபடி விட்டுவிட்டு உள்ளே போனார்.

சோறு போட்ட வடிவின் நகக்கண்ணில் சிமெண்டின் சாம்பல் நிறம் காய்ந்திருந்தது.

"கொத்தனார எப்ப வரச் சொல்றீங்க?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னார், "இன்னும் ஒரு மழை வாங்கட்டும்."