சூடாமணிக்கு எந்த ஆபரேஷன்?

"ஸ்லீவா, பைபாஸா? என் ஆம்படையாளுக்கு எது சரிப்படும்னு நீங்களே சொல்லுங்கோ."

பஞ்சாபகேசன் இப்படிக் கேட்டதும் டயட்டீஷியன் ஸ்வப்னா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் சூடாமணி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தி என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

அந்தத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சாபகேசன் பழைய வாடிக்கை. போன வருஷம் எடையைக் குறைக்க இங்கேதான் அவர் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எறிந்தார்கள். நூற்று முப்பது கிலோவாக உள்ளே போனவர் இன்றைக்கு எண்பத்தைந்து. கரமனை அக்ரஹாரத்தில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மீதிப் பேர் ஏதோ பெரிய வியாதி என்று வீடு தேடி வந்து துக்கம் விசாரித்தார்கள்.

"நான் எப்படி இருந்தேன்னு நீங்க பார்த்திருக்கேளே. தம்பானூர்ல ஆட்டோக்காரன் என்னைப் பார்த்தா எங்கே போகணும்னு கேக்க மாட்டான், குனிஞ்சு டயரைப் பார்ப்பான். கல்யாணப் பந்தியில பாயசக்காரன் என் இலைகிட்ட வந்ததும் வாளியைக் கீழே இறக்கி வெச்சுடுவான். தூக்கிண்டே நின்னா அவன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

ஸ்வப்னா சிரித்துவிட்டாள். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

"இப்போ ஒரு இட்லியை அரை மணி நேரம் மென்னுண்டிருக்கேன். மொதல்ல பருப்பு, பனீர். அப்பறம் காய். இடமிருந்தா ஒரு பிடி சாதம். நடுவுல தண்ணி குடிக்கப்படாது. எல்லாம் நீங்க சொன்னபடி. ஆனா இவளைப் பாருங்கோ! நான் இறக்கி வெச்சதையெல்லாம் இவ பொறுக்கிண்டுட்டா. ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறா."

சூடாமணி தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

"சாரே, ஆபரேஷன் எல்லாருக்கும் செய்ய முடியாது, கேட்டோ" என்று ஸ்வப்னா ஆரம்பித்தாள். பாலராமபுரத்துக்காரி. தமிழ் பேசும்போதே மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"நேக்குத் தெரியாதா? ஸ்லீவ்னா நான். எதுவும் சாப்பிடலாம், கிண்ணம்தான் சின்னது. ராத்திரி நெஞ்செரிச்சல் வந்து பாடாப் படுத்தும். பைபாஸ்னா ஆரியசாலை செல்வமணி. இரைப்பையைச் சுருக்கிக் குடலோட குறுக்கு வழியில இணைச்சுட்டா. வெல்ல மண்டிக்காரர், பாவம். சாம்பிள் வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டா போதும், படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டி மூட்டை மேலேயே படுத்துடறார். ஆயுசு பூரா வைட்டமின் மாத்திரை வேற. ஆனா அவருக்கு நெஞ்செரிச்சல் கிடையாது. சாயந்திரம் நடக்கறச்சே யாரோட ஆபரேஷன் ஒசத்தின்னு ரெண்டு பேரும் சண்டை போட்டுப்போம். குடல் போனாலும் கௌரவம் போகப்படாது பாருங்கோ."

"இனி நான் எதுக்கு? சாரே இங்க உட்காரலாம்" என்றாள் ஸ்வப்னா.

"இவளுக்கு நெஞ்செரிச்சலும் இல்லை, இனிப்பு மேல ஆசையும் இல்லை. ரெண்டும் சரிப்படும். அதான் கொழப்பம்."

சூடாமணி மெல்ல வாய் திறந்தாள். "நேக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கறார்."

"நீ சும்மா இரு. மாடிப்படி ஏறினா மூச்சு முட்டறது, ராத்திரி குறட்டையில நானே முழிச்சுக்கறது... நான் பட்டதெல்லாம் நீ படணுமா?"

கிண்டல் போய்விட்டது. அவருக்கு உண்மையாகவே பயம். தான் பிழைத்து வந்து இவளைப் பறிகொடுக்க நேருமோ என்று சில மாதங்களாகவே தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

"முதல்ல வெயிட் பார்க்கலாம். மாமி, இதுல ஏறுங்க."

சூடாமணி செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினாள்.

"நாப்பத்தொன்பது. போன வருஷம் சாருக்குத் துணையா வந்தப்போ விளையாட்டா இதுல ஏறினீங்களே, அப்போ எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"பதினோரு கிலோ! பார்த்தேளா?" என்று துள்ளினார் பஞ்சாபகேசன்.

ஸ்வப்னா சிரிக்கவில்லை. "சாரே, மாமியோட உயரத்துக்கு இதாக்கும் சரியான வெயிட். ஸ்லீவும் வேண்டாம், பைபாஸும் வேண்டாம். போன வருஷம் இருந்தது வெயிட்டே இல்லை. வெறும் எலும்பாக்கும்."

பஞ்சாபகேசன் குனிந்து எடை மெஷினைப் பார்த்தார். நூற்று முப்பது கிலோவுக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் ஒல்லியாகத்தான் தெரிவார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார்.

"அது எப்படி? அரிசிகூட இப்போ பாதிதான் போடறா. அதே அடுப்பு, அதே சமையல்..."

"மாமி, சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே" என்றாள் சூடாமணி, தப்புச் செய்து பிடிபட்டவள் போல. "எங்காத்து வழக்கம்தான். கல்யாணம் ஆன நாளா இவர் சாப்ட்டு எழுந்தப்பறம் பாத்திரத்துல என்ன இருக்கோ அதை நான் சாப்பிடுவேன். அப்போல்லாம் எவ்வளவு கூட வெச்சாலும், பிரமாதம், பிரமாதம்னு வழிச்சுப் போட்டுண்டுடுவார். ஆசையா சாப்பிடறவர்கிட்ட எப்படிப் போறும்னு சொல்றது?"

ஸ்வப்னா பஞ்சாபகேசனைப் பார்த்தாள்.

"இவருக்கு ஆபரேஷன் ஆனப்பறம்தான் மோளே, பாத்திரத்துல ஏதோ இருக்கு" என்றாள் சூடாமணி.