மார்க்கெட்டிங் வகுப்பில் ஒரு மக்கு

"சார், இன்ஃபுளூயன்சர்னா காய்ச்சல் வந்தவங்களா? நாம மாஸ்க் போட்டுக்கணுமா?"

கேட்டவர் இருதயராஜ். ஐம்பதைத் தாண்டியவர். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த குணமணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? இன்ஃபுளூயன்சர் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் வாயைத் திறந்து கேட்கவில்லையே!

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டுப் பாத்திரக் கடை ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் குணமணி. முதலாளியின் மகன் ஸ்ரீராம் கடையைக் கையில் எடுத்ததும் வந்தது வினை.

"அக்கா, கஸ்டமர் எல்லாம் இப்ப போன்லதான் இருக்காங்க. இனிமே கடைக்கு மார்க்கெட்டிங் நீங்கதான். ஆறு வாரம் கோர்ஸ், போயிட்டு வாங்க."

"நானா? எனக்கு வாட்ஸ்அப்ல குட் மார்னிங் அனுப்பத்தான் தெரியும் தம்பி."

"அதுவும் மார்க்கெட்டிங்தான்க்கா."

அப்படித்தான் லிட்டில் இந்தியா கடைக்காரர்களுக்கான அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். பாடம் எடுத்த ஜனகனுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். அவன் ஃபனல், குக்கீஸ், லேண்டிங் பேஜ் என்று அடுக்க அடுக்க, அவள் மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நல்லவேளை, இருதயராஜ் இருந்தார்.

"ஃபனல்னா எண்ணெய் ஊத்துற புனல்தானே சார்? எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

ஜனகன் முகம் சுளிக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல கேள்வி சார்" என்று பலகையில் படம் போட்டான். "நூறு பேர் பார்ப்பாங்க. பத்துப் பேர் விசாரிப்பாங்க. ஒருத்தர் வாங்குவார். மேல அகலம், கீழ ஒடுக்கம். அதான் ஃபனல்."

குணமணிக்குப் பளிச்சென்று புரிந்தது.

"பிரவுசர்ல குக்கீஸ் சேருதுன்னீங்க. எறும்பு வராதா சார்?"

மறுபடி வியர்வை, மறுபடி படம்: நாம் எதையெல்லாம் பார்த்தோம் என்று பிரவுசர் எழுதிவைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கீஸ். குணமணிக்கு அதுவும் புரிந்துவிட்டது.

மூன்றாம் வாரம் செங்காங்கிலிருந்து மகள் அனுப்ரியா போன் செய்தாள்.

"எப்படிம்மா போகுது? பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? என்னைவிட ஒரு மக்கு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார்."

"பாவம்மா!"

"பாவம்தான். ஆனா அவர் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலும் எனக்குப் பாடமே ஓடமாட்டேங்குதுடி."

நாலாம் வாரம் இருதயராஜ் எழுந்து, "லேண்டிங் பேஜ் சாங்கி ஏர்போர்ட்ல எந்த டெர்மினல்..." என்று ஆரம்பித்ததும், குணமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ அண்ணே! அது பிளேன் இறங்குற இடமில்ல. விளம்பரத்தைத் தட்டினா நம்ம ஆளு வந்து நிக்கிற பக்கம்!"

வகுப்பு கை தட்டியது. அன்றிலிருந்து அவர் கேள்விகளுக்கு ஜனகன் வாய் திறப்பதற்குள் குணமணியின் பதில் வந்துவிடும்.

கடைசி நாள் ஒவ்வொருவரும் தங்கள் கடைப் பொருளுக்கு ஒரு விளம்பரம் செய்து, எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். குணமணி இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"பொங்கோல்ல புது வீடு வாங்கின இளம் ஜோடிதான் என் டார்கெட். சோபா வாங்கியாச்சு, டிவி மாட்டியாச்சு. வீட்டுல இட்லிப் பானை மட்டும் இல்ல. அதுக்கு நான் எழுதின வாசகம் இதுதான்..." பானையை உயர்த்திப் பிடித்தாள். "மாமியார் வருவதற்குள் வாங்கிவிடுங்கள்!"

வகுப்பு அதிர்ந்தது. இரண்டு பேர் அங்கேயே பானைக்குச் சொல்லிவைத்தார்கள். முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் இருதயராஜ்தான்.

அவர் முறை வந்தபோது மட்டும், "எனக்கு வேணாம் லா" என்று உட்கார்ந்தே இருந்துவிட்டார்.

குணமணிக்கு மனசு இளகிப் போயிற்று. வகுப்பு முடிந்ததும் லிஃப்ட் அருகே அவரைப் பிடித்தாள்.

"அண்ணே, வெட்கப்படாதீங்க. சிலருக்கு லேட்டாத்தான் மண்டையில ஏறும். ஒருநாள் நம்ம கடைக்கு வாங்க. முதல்ல இருந்து நானே சொல்லித் தர்றேன்."

"கண்டிப்பா வர்றேன் சிஸ்டர்" என்றார் அவர், பணிவாக.

அதற்குள் ஜனகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "சார், கிளாஸ் பிடிச்சிருந்துச்சா? உங்க ஆளுங்க முப்பது பேரையும் அனுப்புவீங்கதானே?"

"அனுப்புறேன் ஜனகன். நல்லாவே எடுக்கிற."

குணமணி விழித்தாள். "யாரு ஆளுங்க?"

"தெரியாதாக்கா? சார் பெரிய கம்பெனி ஒண்ணுல மார்க்கெட்டிங் ஹெட். நான் தொழில் கத்துக்கிட்டதே இவர்கிட்டதான். தன் ஆளுங்களை அனுப்புறதுக்கு முன்னால கிளாஸ் எப்படின்னு பார்க்க வந்தார். அந்தக் கேள்வியெல்லாம் என்னை டெஸ்ட் பண்ணத்தான்னு நினைச்சு, எனக்கு உயிரே போச்சு!"

குணமணிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. லிஃப்ட் வந்து, திறந்து, கொஞ்சம் காத்திருந்து, ஆளில்லாமலே கீழே போனது.

"அண்ணே... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு எங்க முன்னாடி அப்படி அசடு வழிஞ்சீங்க?"

இருதயராஜ் தலையைச் சொறிந்துகொண்டார்.

"முதல் நாள் நீங்க பையை மடியை விட்டு இறக்கவே இல்ல சிஸ்டர், கண்ணு கதவு மேலயே இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தன் உங்களைவிட மோசமா இருந்தா, எழுந்து போகமாட்டீங்கன்னு தோணுச்சு லா!"