பதினான்கு கேள்விகள்

"கையெழுத்து உங்க மனைவியோடதுதானே? அப்ப சட்டம் அவங்களைத்தாங்க கேக்கும்."

நிமிர்ந்து பார்க்காமல்தான் சட்டப் பேராசிரியை குந்தவை சொன்னாள். மாணவர் பட்டியலில் 'ஒழுங்கு நடவடிக்கை' என்ற கட்டத்தில் முதல் பெயருக்கு 'இல்லை' என்று எழுதி, கடைசிப் பெயர் வரை ஒரே கோடாக இழுத்து, அடியில் சுழித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

தஞ்சாவூரில் காப்பீட்டுச் சட்டம் என்றால் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். படிவத்தை யார் நிரப்பினாலும் கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு என்று ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ஆய்வு, நாளைக்குப் புத்தகமாக வருகிறது. அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் துணிக்கடைப் பையும் கையுமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

மருதையன், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. மனைவி வள்ளியம்மை இருதய நோயில் போய் எட்டு மாதம். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்துவிட்டதாகச் சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. அந்தப் பணம் வராவிட்டால் மகளின் நர்சிங் படிப்பு பாதியோடு நிற்கும்.

"மறைக்கலம்மா. நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுறேன்னு வாய்விட்டுச் சொன்னா. எழுதுனவங்க தலையாட்டிக்கிட்டேதான் எழுதுனாங்க."

எழுதியது ஏஜெண்டா என்று கேட்டாள். இல்லை, அவர் வீட்டு ஆள் என்றார். குந்தவைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சம்பா அறுத்த காசு கையில் புரளும் மார்ச் மாதத்தில் ஏஜெண்டுகள் வீட்டில் திருவிழாக் கூட்டம்தான். அதற்காக இப்படியா? ஏஜெண்டின் பெயரைக் கேட்டாள். செத்துப்போனவரை எதற்கு இழுப்பது என்று மருதையன் சொல்ல மறுத்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் என்பதற்காக எந்த வழக்கும் ஜெயித்ததில்லை.

"ஒரே ஒரு வழி இருக்கு. எழுதினவங்களே வந்து, 'அந்தம்மா நோயைச் சொன்னாங்க, நான்தான் இல்லைன்னு எழுதினேன்'னு சாட்சி சொல்லணும். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க யாருங்க வருவா?"

மருதையன் பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நோய்களைப் பற்றிப் பதினான்கு கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அங்கிருந்து பதினான்காவது கேள்வி வரை ஒரே கோடு. அடியில் ஒரு சுழி.

அதே கோடு, அதே சுழி, பக்கத்திலிருந்த மாணவர் பட்டியலில் இன்னும் மை காயாமல் இருந்தது.

"உங்கப்பா ஏஜெண்டா இருந்தப்ப ஒத்தாசையா எழுதிக் குடுத்தீங்க. அன்னிக்கு இருந்த கூட்டத்துல எங்க முகம் ஞாபகம் இருக்காதும்மா," என்றார் மருதையன். "நீங்க வருவீங்கன்னுதான் வந்திருக்கேன்."