இரண்டு ஓட்டு

துடியலூர் பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மேசையில் இரண்டு டீ, ஒரு தட்டு வருக்கி, இரண்டு நாவல்கள். இணைய வாசிப்புக் குழுவின் ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்துச் சேர்ந்து படிக்கப்போவது இவற்றில் ஒன்றைத்தான். வாக்கெடுப்பு முடியப்போகிறது, இரண்டும் சமமாக நிற்கின்றன. அவற்றைப் பரிந்துரைத்த இருவர், மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் லோகப்பிரியாவும் சாமுவேலும் மட்டும், இன்னும் ஓட்டுப் போடவில்லை. லோகப்பிரியா பரிந்துரைத்த நாவலில் கிணறு வற்றிய தோட்டம், அவள் அப்பாவுடையதைப் போல. சாமுவேல் பரிந்துரைத்ததில் வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகள். அவர் பிறந்தது அங்கேதான். “உங்க புக்கே வரட்டுங்க,” என்கிறாள் அவள். “அட, உங்களுதுதானுங்க வரோணும்.” சாலையில் மேட்டுப்பாளையம் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறது. இருவரும் மற்றவருக்குத் தெரியாதபடி கைபேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தொடுகிறார்கள். அவள் விரல் அவருடைய நாவலின் மேல், அவர் விரல் அவளுடையதன் மேல். இரண்டு எண்களும் ஒவ்வொன்று கூடி, மறுபடி சமமாகின்றன. இருவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு டீயை எடுக்கிறார்கள். குழுவில் யாரோ எழுதுகிறார்கள்: “பாத்தீங்களா, கடைசீல அவங்கவங்க புக்குக்கே போட்டுக்கிட்டாங்க.” அதைப் படித்துவிட்டு லோகப்பிரியா வருக்கித் தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறாள். “நீங்க எடுங்க மொதல்ல,” என்கிறார் சாமுவேல்.